கால் எட்டாத கடலில் கற்றுக்குட்டிகள்

கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் ஒரு தடவை கை தூக்குங்க பார்ப்போம். இடுப்புல ஒரு கயிறு, இல்லேன்னா முதுகுல சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ. படிக்கட்டுல மாமாவோ சித்தப்பாவோ உட்கார்ந்திருப்பாங்க. "எவ்ளோ ஆழம் மாமா?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டால், ஊர் ஊருக்கு ஒரே பதில்தான். "ஆழம் எவ்ளோ இருந்தா உனக்கென்னடா, நீ மேலதானே நீந்தப் போற?"

நீச்சலுக்கு இந்தப் பதில் நூற்றுக்கு நூறு சரி. பத்தடியில் மிதக்கிறவன் நூறடியிலும் அப்படியேதான் மிதப்பான்.

வேடிக்கை என்னன்னா, இதே பதிலை ஸ்கூபா டைவிங் உலகத்திலும் பல வருஷங்களாகச் சொல்லிக்கிட்டிருக்காங்க. "நீங்க 18 மீட்டர்தான் இறங்கப் போறீங்க. கீழே தரை 20 மீட்டர்ல இருந்தா என்ன, 2000 மீட்டர்ல இருந்தா என்ன?" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கே இந்தக் கணக்கு உதைக்குது. எப்படி உதைக்குது, அதைக் கண்டுபிடிக்க மனுஷங்க என்ன விலை கொடுத்தாங்க என்பதுதான் இந்தப் பதிவு. (கோடு எழுதுறவனுக்குக் கடல்ல என்ன வேலைன்னு கேக்கறவங்களுக்கு: போன வருஷம் அந்தமான் போய் ஒரு தடவை சிலிண்டர் மாட்டி இறங்கினதிலிருந்து ராத்திரி தூங்காம படிக்கிறது இதைத்தான்.)

முதல்ல கொஞ்சம் பிளஸ் டூ பிசிக்ஸ்

பயப்படாதீங்க, ஒரே ஒரு விதிதான். ராபர்ட் பாயில் 1662-ல சொன்னது: அழுத்தம் ரெண்டு மடங்கானால் வாயுவோட கன அளவு பாதியாகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆக, மேலே 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3, முப்பதில் 4.

இப்ப ஒரு டைவரைப் பாருங்க. அவர் போட்டிருக்கிற வெட் சூட் என்பது சின்னச் சின்ன வாயுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். மேலே அது அவரைத் தூக்கி மிதக்க வைக்கும். அதைச் சமாளிக்கத்தான் இடுப்புல ஈயக்கட்டி கட்டிக்கிட்டு இறங்கறாங்க. அந்த சூட்டின் மிதப்பு 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரில் அது சுமார் 2 கிலோ. முப்பது மீட்டரில் 1 கிலோ. ஈயம் மட்டும் அதே ஈயம்தான், கொஞ்சம்கூடக் குறையாது. அதாவது கீழே போகப் போக ஆள் கனமாகிறார். கனமாக ஆக இன்னும் வேகமாகக் கீழே போகிறார். வேகமாகப் போகப் போக இன்னும் கனமாகிறார்.

எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் ஞாபகம் வரணும். பாசிட்டிவ் ஃபீட்பேக்! உள்ளங்கையில துடைப்பத்தை நட்டுக்க நிறுத்துற மாதிரி. கையை ஆட்டிக்கிட்டே இருந்தால்தான் நிற்கும், விட்டால் ஒரு பக்கமா சாயும். நீச்சல்காரர் கிண்ணத்துக்குள்ள கிடக்கிற கோலிக்குண்டு, எப்படித் தள்ளினாலும் பழைய இடத்துக்கு வந்துடும். டைவர் கவிழ்த்த கிண்ணத்து மேல இருக்கிற கோலிக்குண்டு.

இது மேல் பக்கமும் பொருந்தும். கொஞ்சம் மேலே வந்தா காற்று விரியும், இன்னும் மேலே தூக்கும். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்பினா நுரையீரலே கிழியலாம். அதுக்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், ஒண்ணு ரெண்டு மீட்டர் போதும்.

இப்ப கேள்விக்கு வருவோம். மாணவர் 18 மீட்டரில் இருக்கார், கட்டுப்பாடு போச்சு. நிமிஷத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் மூழ்குகிறார் என்று வைப்போம். தரை 20 மீட்டரில் இருந்தால் ஆறே வினாடியில் மணலில் உட்கார்ந்துடுவார். மாஸ்க்குக்குள்ள அழுவார், வாத்தியார் வந்து கையைப் பிடிப்பார், சாயந்திரம் எல்லாரும் சேர்ந்து ஓட்டுவாங்க. தரையே இல்லைன்னா? ரெண்டு நிமிஷத்தில் 58 மீட்டர். முப்பது மீட்டரைத் தாண்டும்போதே நைட்ரஜன் போதை தலைக்கேற ஆரம்பிக்கும். காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய நேரமில்லாமல் செவிப்பறை கிழியலாம். காற்றும் தண்ணியா செலவாகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 2400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு என்றால் மேலே 120 நிமிஷம் வரும். முப்பது மீட்டரில் 30 நிமிஷம். அறுபதில் 17 நிமிஷம்தான். அதுவும் அமைதியா மூச்சு விட்டால். பயந்தவன் எங்கே அமைதியா மூச்சு விடுறது?

ஆக அந்த மணல் தரை வெறும் தரை இல்லை, ஒரு பாதுகாப்புக் கருவி. யாரும் காசு கொடுத்து வாங்காத, யாரும் ஆன் பண்ண வேண்டாத கருவி. டைவிங்கின் வரலாற்றைப் புரட்டினா, அந்தத் தரையையும் அதுக்கு மாற்றாக இருந்த கயிற்றையும் மனுஷன் எப்படி ஒவ்வொண்ணா விட்டான் என்பதுதான் தெரியுது.

கயிறு இருந்த காலம்

நம்ம தூத்துக்குடி முத்துக்குளிப்பையே எடுத்துக்குங்க. காலில் கல்லைக் கட்டி, கல்லின் கனத்தில் சர்ருன்னு இறங்குவாங்க. இறங்கற இடம் பார். அதாவது சிப்பி விளையுற திட்டு. வேலையே தரையில்தான். மேலே படகில் ஒருத்தர் கயிற்றைப் பிடிச்சிருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பாங்க, தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் என்று அந்தப் பக்கம் சொல்வாங்க. செம லாஜிக் இல்ல? நவீன டைவிங்கில் இதுக்கு ஈடா ஒரு பாதுகாப்பு முறை இன்னும் வரலைன்னு நினைக்கிறேன் :-)

19-ம் நூற்றாண்டில் செம்பு ஹெல்மெட் போட்ட டைவர்கள் வந்தாங்க. கப்பலில் பம்ப், அதிலிருந்து ஒரு குழாய், கூடவே ஒரு கயிறு. இவங்களும் தரைவாசிகள்தான். ஈய பூட்ஸ் போட்டுக்கிட்டு கடலடியில நடப்பாங்க. இவங்க ரொம்பப் பயந்தது எதுக்குத் தெரியுமா? சுறாவுக்கு இல்லை. பாறை விளிம்பிலிருந்தோ மூழ்கின கப்பலின் மேல்தட்டிலிருந்தோ தவறி விழறதுக்கு. திடீர்னு பத்துப் பதினைந்து மீட்டர் கீழே விழுந்தால், வெளியே கூடும் அழுத்தத்துக்கு ஈடாக பம்ப்பால் உடனே காற்று தர முடியாது. மேலே இருந்து வரும் காற்றை விட வெளியே தண்ணீரின் அழுத்தம் அதிகமாகி, உடம்பையே அந்த இறுகிப்போன ஹெல்மெட்டுக்குள் அழுத்தும். இதுக்கு அவங்க வெச்ச பேரு 'ஸ்குவீஸ்', பிழியல். பேரே போதும், விளக்கம் வேண்டாம்.

ஆக, 'கால் கீழே தரை இல்லைன்னா ஆபத்து' என்பது நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிஞ்ச விஷயம்தான்.

இன்னொரு பக்கம், மேலே வரும் ஆபத்தை ஆராய்ந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்தார். 1906-ல் ஸ்காட்லாந்தின் ஒரு கடல் ஏரியில் கடற்படை டைவர்கள் 210 அடி வரை இறங்கிக் காட்டினார்கள். 1908-ல் பாய்காட், டேமன்ட் ரெண்டு பேரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில்தான், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் மேலே வரும்போது எங்கெங்கே நின்று வரணும் என்ற அட்டவணை முறையாக வந்தது. இன்னிக்கு டைவ் கம்ப்யூட்டரில் ஓடுற அல்காரிதம்களில் பலவற்றுக்கு அந்த ஆடுகள்தான் பாட்டன்.

கயிறு அறுந்தது

1943. ஜெர்மன் பிடியில் இருந்த பிரான்ஸ். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ, எஞ்சினியர் எமில் கான்யான் ரெண்டு பேரும் சேர்ந்து அக்வாலங் செய்தார்கள். மூச்சு இழுக்கும்போது மட்டும், சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று தரும் ரெகுலேட்டர் அதில் இருந்தது. பம்ப் வேண்டாம், குழாய் வேண்டாம். மனுஷன் மீன் மாதிரி எந்தப் பக்கமும் போகலாம்.

கவனிங்க, 'எந்தப் பக்கமும்' என்பதில் கீழேயும் அடக்கம். ஹெல்மெட் டைவரை நிறுத்தின கயிறு இப்போ இல்லை.

அதே வருஷம் அக்டோபரில் கூஸ்தோவின் நண்பர் ஃப்ரெடெரிக் துமா, முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு 62 மீட்டர் இறங்கினார். அங்கே அவருக்கு வந்தது பயம் இல்லை, ஒரு விதமான சந்தோஷப் போதை. இந்த நிலைமைக்கு கூஸ்தோ வைத்த பேர் 'ஆழத்தின் போதை'. டாஸ்மாக் போகாமலே ஏறும் என்று சிரிக்கலாம். ஆனா அடுத்த கதையில் சிரிக்க எதுவும் இல்லை.

1947 செப்டம்பர், தூலோன் அருகே. கூஸ்தோ குழுவின் மோரிஸ் ஃபார்க், எவ்வளவு ஆழம் போக முடியும் என்று பார்க்க இறங்கினார். கயிற்றில் அங்கங்கே சிலேட்டுகள் கட்டியிருந்தன. அந்தந்த ஆழத்தை அடைந்ததுக்கு அடையாளமா அதில் கையெழுத்து போடணும். நடுநடுவே கயிற்றை இழுத்து 'நல்லா இருக்கேன்' என்று சைகை. ஒரு கட்டத்தில் சைகை நின்றது. மேலே இழுத்தார்கள். ரெகுலேட்டர் வாயில் இல்லை. உயிரும் இல்லை. பிறகு சிலேட்டுகளைப் பார்த்தபோது 120 மீட்டர் சிலேட்டில் அவர் எழுத்து இருந்தது. அக்வாலங்குடன் இறங்கி இறந்த முதல் டைவர் அவர்தான்.

ஃபார்க் கற்றுக்குட்டி இல்லை. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அனுபவம் மிக்க விரல்விட்டு எண்ணக்கூடிய டைவர்களில் ஒருத்தர். அவர் இடுப்பில் கயிறும் இருந்தது. அவருக்கே இந்த நிலைமை.

1953 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி கடற்கரைக்கு அப்பால் ஹோப் ரூட் என்ற வழக்கறிஞர், 400 அடியைத் தாண்டி சாதனை படைக்க இறங்கினார். இந்தத் தடவை கயிறும் இல்லை. கீழே கல்ஃப் ஸ்ட்ரீம் ஓடும் ஆழ்கடல். படகில் இருந்த எதிரொலிக் கருவி, அவர் இறங்கி இறங்கிப் போனதைக் காகிதத்தில் கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கோடு திரும்பி மேலே வரவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

வாத்தியார்கள் வந்த கதை

1950-களில் அமெரிக்காவில் இதில் பெரிய கூத்து நடந்தது. கடைக்குப் போய்க் காசு கொடுத்தா அக்வாலங்கை எடுத்துக்கிட்டு நேரா கடலுக்குப் போகலாம். லைசென்ஸ் இல்லை, பயிற்சி இல்லை. "மூச்சைப் பிடிக்காதீங்க சார்" என்று கடைக்காரர் சொன்னால் அதுதான் மொத்த சிலபஸ்.

இதைப் பார்த்துப் பயந்து முதலில் விழித்துக்கொண்ட அரசு அமைப்பு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி. அங்கே பூங்கா, விளையாட்டுத் துறையில் இருந்த ஆல் டில்மேனும் பெவ் மார்கனும் 1954-ல் சான் டியேகோ பக்கத்தில் லா ஹோயாவில் இருக்கும் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்குப் போய் கான்ராட் லிம்பா என்பவரிடம் கற்றார்கள். திரும்பி வந்து பொதுமக்களுக்கான பயிற்சியை ஆரம்பித்தார்கள். அதன்பின் வரிசையாக வந்தன. 1960-ல் டில்மேனும் நீல் ஹெஸ்ஸும் ஆரம்பித்த நௌவி. 1966-ல் ஜான் க்ரோனின், ரால்ஃப் எரிக்சன் ஆரம்பித்த பாடி. (பிரிட்டனில் 1953-லேயே பிசாக் என்ற கிளப் வந்தாச்சு.)

லா ஹோயாவை ஏன் குறிப்பாகச் சொல்றேன்னா, நம்ம மேட்டர் அங்கேயே ஆரம்பிச்சிடுது. ஸ்க்ரிப்ஸுக்குப் பக்கத்துக் கடற்கரை இன்றைக்கும் தெற்குக் கலிஃபோர்னியாவில் மாணவர்களுக்கு ரொம்பப் பிடிச்ச பயிற்சித் தலம். கரையிலிருந்து மணல் மெதுவா சரிஞ்சுகிட்டே போகும். ஆனா 15, 20 மீட்டர் ஆழம் வந்ததும் அந்த மணல் ஒரு விளிம்பில் முடியும். அதுக்கப்புறம் லா ஹோயா கடலடிப் பள்ளத்தாக்கு. அது நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போகுது. விளிம்புக்கு இந்தப் பக்கம் வகுப்பறை, அந்தப் பக்கம் பாதாளம்.

டில்மேனுக்குச் சொல்லிக் கொடுத்த லிம்பா என்ன ஆனார்? 1960 மார்ச்சில் பிரான்சில், போர் மியூ என்ற இடத்தில் கடலுக்கடியில் இருக்கும் குகை ஆற்றுக்குள் போய் வழி தெரியாமல் இறந்தார். வாத்தியாருக்கே வாத்தியாராக இருந்தவர். எங்கே நேரா மேலே வர முடியாதோ அங்கே திறமை மட்டும் காப்பாத்தாது என்ற பாடம் அப்படி எழுதப்பட்டது.

அந்தக் கால உபகரணங்களை யோசிச்சுப் பாருங்க. மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட் கிடையாது. சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டர் பெரும்பாலானவர்களிடம் கிடையாது. மூச்சு இறுகும்போது முதுகுப் பக்கம் ஒரு கம்பியை இழுத்தால் கடைசியா கொஞ்சம் ரிசர்வ் கிடைக்கும். நம்ம பைக்குல ரிசர்வ் திருகுற மாதிரியே! இந்த லட்சணத்தில் மாணவரைப் பாதாளத்து மேல கூட்டிட்டுப் போக எந்த வாத்தியாருக்கும் தைரியம் வராது. மணல்தான் அவங்க ஜாக்கெட், மணல்தான் அவங்க மீட்டர்.

சுவர்கள் அழைத்தன

1957-ல் கரீபியனின் கிராண்ட் கேமன் தீவில் பாப் சோட்டோ ஒரு டைவ் கடை திறந்தார். அந்தத் தீவுகளிலேயே அதுதான் முதல் கடை. கேமன் தீவுகள் என்பவை கடலுக்கடியில் இருக்கும் மலைத்தொடரின் உச்சிகள். பக்கத்தில் இருக்கும் கேமன் பள்ளம் 7,600 மீட்டருக்கு மேல் ஆழம். லிட்டில் கேமனில் ப்ளடி பே சுவர் என்று ஒரு இடம். அதன் உச்சி வெறும் 6 மீட்டரில் ஆரம்பிக்கும், அங்கிருந்து செங்குத்தாக ஆயிரம் அடிக்கு மேல் போகும். பஹாமாஸில் 'கடலின் நாக்கு' என்று ஒரு பள்ளம், பவளத் திட்டின் விளிம்பு தாண்டினால் ஆயிரம் மீட்டர் கணக்கில் ஆழம். அந்த பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் 1965-ல் ஒரு பெரிய டைவ் மையம் வந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவர் அதே ஆல் டில்மேன்!

இந்தச் சுவர்களின் அழகு பத்தி எழுத எனக்குத் தமிழ் பத்தாது. முன்னாடி பவளமும் கடல் விசிறியும், பின்னாடி ஒண்ணுமே இல்லாத நீலம். நீங்க அந்தரத்தில். பறக்கிற கனவு வருமே, அதுதான்.

ஆனா அந்தத் தெளிவான தண்ணீரே ஒரு ஏமாற்றுப் பேர்வழி. கலங்கின தண்ணீரில் ஆழம் போகப் போக இருட்டும், மனசு எச்சரிக்கும். கரீபியனில் 40 மீட்டரிலும் வெளிச்சமாக இருக்கும். மாஸ்க் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளிவிலகலால் எல்லாமே நாலில் ஒரு பங்கு கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். நீலத்தைப் பார்த்து நின்றால் இறங்குறோமா ஏறுறோமா என்றே தெரியாது, ஒப்பிட எதுவும் இல்லையே. விமானிகள் மேகத்துக்குள் திசை தடுமாறுவது போல. கையில் இருக்கும் மீட்டரைப் பார்த்தால்தான் உண்டு. மாஸ்க்குக்குள் தண்ணி வந்த கற்றுக்குட்டி மீட்டரையா பார்ப்பான்?

இதுக்கு நடுவில் உபகரணங்களும் வளர்ந்தன. 1961-ல் பிரான்சின் மோரிஸ் ஃபென்சி கழுத்தில் மாட்டும் மிதவையைக் கொண்டுவந்தார். 1971-ல் ஸ்கூபாப்ரோ கம்பெனி சட்டை மாதிரி போடும் ஜாக்கெட்டை விட்டது. காற்று மீட்டரும், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க ரெண்டாவது ரெகுலேட்டரும் பரவலாயின. 1983-ல் எட்ஜ் என்ற டைவ் கம்ப்யூட்டர் வந்தது.

எல்லாமே அருமையான கண்டுபிடிப்புகள். மறுப்பே இல்லை. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க. மணல் தரை தானா வேலை செய்யும். ஜாக்கெட் வேலை செய்யணும்னா சரியான பட்டனை, சரியான நேரத்தில், சரியான அளவு அழுத்தணும். மீட்டர் வேலை செய்யணும்னா அதைப் பார்க்கணும். அதாவது பாதுகாப்பு கடலடியிலிருந்து கிளம்பி டைவரோட மண்டைக்குள்ள குடியேறிடுச்சு. பழகினவங்க மண்டையில் அது பத்திரமா இருக்கும். கத்துக்க வந்து ரெண்டே நாள் ஆனவர் மண்டையில்?

விதி என்ன சொல்லுது?

பாடி அமைப்பின் ஆரம்பப் படிப்பில் கடலில் நாலு டைவ். முதல் ரெண்டும் 12 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அடுத்த ரெண்டும் 18. படிப்பு முடிச்சவருக்குப் பரிந்துரை 18 மீட்டர். மேற்படிப்பு படிச்சா 30. பொழுதுபோக்கு டைவிங்குக்கு மொத்த எல்லை 40. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் 24801 வரிசைத் தரங்களிலும் மேற்பார்வையில் இறங்குபவருக்கு 12, தனியாக ஜோடியோடு இறங்கத் தெரிந்தவருக்கு 20 என்று இருக்கு.

இந்த எண்கள் எல்லாம் எதைச் சொல்லுது? மாணவர் எவ்வளவு ஆழத்தில் இருக்கலாம் என்பதை. தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கலாம் என்பது பெரும்பாலும் வாத்தியாரின் தீர்ப்புக்கே விடப்பட்டிருக்கு. அலை, நீரோட்டம், கண்ணுக்குத் தெரியும் தூரம், மாணவர்களின் தைரியம் எல்லாத்தையும் பார்த்து இடம் பொருத்தமா என்று முடிவெடுக்க வேண்டியது அவர்தான். நல்ல வாத்தியாருக்கு அது போதும். ஆனா படகு ஏற்கெனவே கிளம்பியாச்சு, சுற்றுலாக்காரங்க சுவரைப் பார்க்கணும்னு காசு கட்டியாச்சு, நாளைக்கு அவங்க ஃப்ளைட்... இந்த நெருக்கடியில் தீர்ப்பு கொஞ்சம் வளையுது. டெட்லைனுக்காக டெஸ்டிங்கைச் சுருக்கின புராஜெக்ட்டில் வேலை பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2020-ல் அமெரிக்காவில் ஒரு மலை ஏரியில் நடந்தது இதுக்குக் கொடுமையான உதாரணம். குளிர் தண்ணீருக்கான டிரை சூட்டைப் போட்டு இறங்கினார் பயிற்சியில் இருந்த ஒருவர். அந்த சூட்டுக்குள் காற்று செலுத்தும் குழாய் இணைக்கப்படவே இல்லை. கனமோ ரொம்ப அதிகம், அதுவும் அவசரத்தில் கழட்டி எறிய முடியாதபடி பைகளுக்குள். ஏரியின் அடியில் ஒரு திட்டு, அதைத் தாண்டிச் சரிவு. கீழே போகப் போக சூட் உடம்பை இறுக்கியது. அந்தப் பழைய ஹெல்மெட் டைவர்கள் பயந்தார்களே, அதே பிழியல். கூட இருந்த சக மாணவர் காப்பாற்றப் போராடியும் முடியவில்லை. திட்டு முடியாமல் இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால், நின்று மூச்சு வாங்கி யோசிக்க ஒரு இடம் இருந்திருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச பாடத்துக்கு 2020-லயும் ஒரு உயிர்.

எகிப்தில் தஹாப் ஊருக்குப் பக்கத்தில் 'ப்ளூ ஹோல்' இருக்கு. கரையிலிருந்து நாலடி வைத்தால் சுமார் 100 மீட்டர் ஆழக் குழி. 55 மீட்டர் வாக்கில் வெளிக்கடலுக்குப் போகும் ஒரு வளைவு. கரையோரப் பாறையில், அங்கே இறந்தவர்களின் பேர் எழுதின பலகைகள் வரிசையா இருக்கு. அங்கே இறங்கப் போகும் ஒவ்வொருத்தரும் அதைத் தாண்டித்தான் போறாங்க.

அப்போ சுவருக்கே போகக்கூடாதா?

அப்படிச் சொன்னா அது அநியாயம். பல்லாயிரம் பேர் வருஷா வருஷம் பத்திரமா போய்ட்டு வர்றாங்க. பொறுப்பான வாத்தியார்கள் என்ன செய்றாங்கன்னு படிச்சப்போ, அவங்க எல்லாரும் செய்றது ஒண்ணுதான்னு தோணுச்சு. காணாமல் போன தரையையும் கயிற்றையும் வேற உருவத்தில் திரும்பக் கொண்டுவர்றாங்க.

மாஸ்க்கைக் கழட்டி மாட்டுறது, ரெகுலேட்டரைத் தேடி எடுக்கிறது போன்ற பயிற்சி எல்லாம் முதலில் நீச்சல் குளத்திலோ ஆழமில்லாத மணலிலோ முடியும். ஆழமான ஏரி, குவாரிகளில் 6 மீட்டர் வாக்கில் மேடை அமைத்து அதன் மேல் சொல்லித் தர்றாங்க. இறங்கும்போது நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வைக்கிறாங்க. சுவர் பக்கம் போகும்போது மாணவர் சுவரை ஒட்டி, வாத்தியார் நீலத்தின் பக்கம், அதுவும் மாணவரை விடக் கொஞ்சம் கீழே. பாதாளத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு ஆள். கயிறு பிடிச்ச மச்சான் தண்ணிக்குள்ளயே இறங்கி வந்த மாதிரி!

ஆக வரிசைதான் முக்கியம். முதலில் தரை, அப்புறம் அந்தரம். அந்தரத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டவருக்கு அடியில் 20 மீட்டர் இருந்தாலும் 2000 மீட்டர் இருந்தாலும் நிஜமாகவே ஒண்ணுதான். "ஆழம் எவ்ளோ இருந்தா உனக்கென்ன" என்பதை அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். முதல் நாள் வந்தவரிடம்தான் சொல்லக்கூடாது.

நம்ம ஆளுங்க இப்ப அந்தமான், மாலத்தீவு, தாய்லாந்து என்று லீவுக்குப் போய் இறங்க ஆரம்பிச்சிட்டாங்க. போறவங்க கூச்சப்படாம நாலு கேள்வி கேளுங்க. இறங்கப் போற இடத்தில் தரை எத்தனை மீட்டரில் இருக்கு? ஒரு வாத்தியாருக்கு எத்தனை மாணவர்கள்? என் ஈயக்கட்டி சரியான எடைதானா என்று தண்ணீரில் மிதக்க வைத்துப் பார்ப்பீங்களா? அவசரத்தில் அதை எப்படிக் கழட்டி எறியறது? பதில் சொல்ல ஒருத்தர் எரிச்சல் பட்டார்னா, அட்வான்ஸ் போனால் போகட்டும், பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்க. புடவைக் கடையில் அம்பது கேள்வி கேக்கற நாம, மூச்சுக்காற்று விஷயத்தில் நாலு கேள்வி கேக்கறதுல தப்பே இல்லை.

டிஸ்கி: நான் டைவிங் வாத்தியார் கிடையாது, படிச்சதைச் சொல்றவன். இதைப் படிச்சிட்டு யாராவது நேரா சிலிண்டர் மாட்டிக்கிட்டுக் குதிச்சா கம்பெனி பொறுப்பல்ல. முறையா ஒரு வாத்தியார்கிட்ட, முழங்கால் மண்டியிட மணல் இருக்கிற இடத்தில் கத்துக்குங்க. டைவ் அட்டவணைகளில் ஹால்டேனோட ஆடுகள் எங்கே வருதுன்னு அடுத்த பதிவில் கணக்கோட பார்க்கலாம்.